பழைய தகர எஞ்சின்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவில் எங்களையும் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது பெரிதும் தயங்கினோம். இலக்கியம் பேசப் புலவர்கள் வந்திருக்கின்றனர். மெட்ரிக்குலேஷனோடு நின்றுவிட்ட நாங்கள் எதைப் பேசுவது? "அந்தத் தகர எஞ்சினைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார் அவர். ஆகவே, அதோ மேசைமேல் துணி போர்த்தி வைத்திருக்கும் பொருளைப் பற்றியே பேச வந்துள்ளோம். நாங்கள் என்றால் மூவர்: கரக்பூர்த் தொழிற்சாலையில் ஃபிட்டராக உள்ள நண்பர், கோல் பஜாரில் கடிகாரம் பழுது பார்க்கும் வங்காள அன்பர், கணக்குப் பிரிவில் பேனா பிடிக்கும் ஒரு குமாஸ்தா. மூன்றாமவர்தாம் உங்கள் முன் நிற்பவர்.

சென்ற மழைக்காலத்தில் நம் காலனியில், எண்பதைக் கடந்த பாட்டியம்மாள் ஒருவர் வீட்டில் கூரை ஒழுகிற்று. பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தபோது, பழந்துணிகளுக்கு அடியில் இந்த எஞ்சின் கிடந்தது. அவருடைய தந்தையார் அந்நாளில் எஞ்சினில் கரி தள்ளும் ஃபயர்மேன். 1947-இல், சீமைக்குக் கப்பலேறிய ஆங்கிலோ-இந்திய ஓட்டுநர் ஒருவர், தம்முடன் உழைத்தவரின் பிள்ளைகளுக்கென்று கொடுத்துச் சென்ற விளையாட்டுப் பொருள் இது. அக்காளும் தம்பியுமாக இருவரும் அதை வைத்து விளையாடியிருக்கின்றனர். "இது மறுபடி ஓடுமா?" என்று மட்டும் கேட்டார் பாட்டியம்மாள். ஓடும் என்று சொல்லிவிட்டோம். சொல்லிய பிறகுதான் அதைத் திருப்பிப் பார்த்தோம்!

ஓட்டுநர் நிற்கும் அறையின் கூரை நசுங்கியிருந்தது. ஒரு பக்கம் முழுவதும் துரு. கரி வண்டியாகிய டெண்டரைக் காணவே காணோம். சாவியைத் திருகினால் பிடிப்பில்லாமல் சுற்றிற்று. சக்கரங்களைத் தொட்டதும் இரண்டு, ஊறிய பிஸ்கோத்தைப் போல் உதிர்ந்து கையோடு வந்தன.

அதன் அடியில் ஹார்ன்பி என்ற பெயரும் லிவர்பூல் என்ற ஊரும் மங்கலாகத் தெரிந்தன. பிராங்க் ஹார்ன்பி என்பார் இறைச்சி இறக்குமதி செய்யும் வணிகர் ஒருவரிடம் கணக்கு எழுதியவர். குமாஸ்தா என்றறிந்ததும் எங்களுக்கு அவர்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. துளையிட்ட உலோகத் தகடுகளைத் திருகாணியால் இணைத்து விளையாடும் முறைக்கு 1901-இல் உரிமை பெற்றார். 1907-இல் மெக்கானோ என்ற பெயர் வந்தது. 1920-இல் முறுக்குவிசையால் ஓடும் ரயில்களையும் விற்கத் தொடங்கினார். அவர் 1936-இல் காலமானார். லிவர்பூல் தொழிற்சாலையும் 1979-இல் மூடப்பட்டது. எனவே உறுப்புக் கேட்டு அங்கே கடிதம் எழுத வழியில்லை.

உதிர்ந்த சக்கரங்கள் எங்களுக்குப் பெரும் பாடம் புகட்டின. அவை துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. அக்கலவையில் சிறிதளவு ஈயம் அசுத்தமாகச் சேர்ந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளுக்குள்ளேயே அரிப்பு உண்டாகும். உலோகம் உப்பும், வெடிக்கும், பின்னர் உதிரும். ஈரம் சேர்ந்தால் இன்னும் விரைவு. மருந்து கிடையாது, மாற்றுவது ஒன்றே வழி. எஞ்சிய சக்கரத்தை அளந்து பித்தளையில் நான்கு சக்கரங்களைக் கடைந்து தந்தார் ஃபிட்டர் நண்பர். மாட்டினோம், சுழலவில்லை, உடலின் அடித்தகட்டில் உராய்ந்தன. பிறகுதான் விளங்கிற்று: நாங்கள் அளந்தது நோயால் வீங்கிய சக்கரத்தை! மீண்டும் சிறிதாகக் கடைய வேண்டியதாயிற்று.

விசைச்சுருளை வங்காள அன்பர் கவனித்தார். அதன் உள்முனை அச்சாணியைப் பற்றும் இடத்தில் ஒடிந்திருந்தது. கூட்டைத் திறந்ததும் அது பாம்புபோல் சீறி விரிந்து அவருடைய கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. ஆயினும் முனையை மட்டும் தீயில் காட்டி மென்மையாக்கி, புதுத் துளை இட்டுச் சேர்த்துவிட்டார். முழுச் சுருளையும் சூடாக்கினால் முறுக்கு வலிமையே போய்விடும் என்பது அவரிடம் நாங்கள் கற்றது.

டெண்டர் நெய் டப்பாவில் பிறந்தது. தகரத்தை வெட்டி, மடித்து, பற்றவைத்தோம். கரிக்கு மட்டும் திண்டாட்டம். நீராவி எஞ்சின் போய்விட்ட ரயில்வே ஊரில் கரிக்கு எங்கே போவது? தேநீர்க் கடை அடுப்புக்கு வைத்திருந்ததில் ஒரு கைப்பிடி வாங்கிப் பொடித்தோம். வண்ணத்தைப் பற்றித்தான் சண்டை. முழுவதும் கறுப்படித்துக் கம்பெனி எழுத்துப் பொறிக்கலாம் என்றார் ஃபிட்டர். சீமையில் பிறந்ததற்குப் பொய்ப் பிறப்புச் சான்று கூடாது என்றது கணக்குப் பிரிவு. முடிவில் எஞ்சினுக்குப் பழைய சிவப்பே பூசினோம். முற்றிலும் எங்கள் படைப்பாகிய டெண்டரில் மட்டும் 'வ. நா. ர.' என்று தமிழில் எழுதினோம். பாட்டியம்மாளின் தந்தையார் உழைத்தது வங்காள நாகபுரி ரயில்வேயில். 1952-இல் கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, 1955-இல் தென்கிழக்கு ரயில்வே ஆனது அதுவே.

இனிச் சொல்லவேண்டியது எங்கள் குற்றம். பழைய பூச்சைப் போக்கும் அவசரத்தில், ஓட்டுநர் அறையைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் இரவு முழுவதும் ஊறப்போட்டோம். காலையில் தகரம் பளபளவென்று வெளிவந்தது, கைதட்டி மகிழ்ந்தோம். பழையதைத் தொடுமுன் உள்ளும் புறமும் உற்றுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. வேலை முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தபோது, பாட்டியம்மாள் வெளிவண்ணத்தைப் பார்க்கவில்லை. கூரையின் உட்புறம் விரலை விட்டுத் தடவினார்.

"தம்பிகளா, இங்கே எழுத்து இருந்ததே?"

தம்பியார் ஆணியால் அந்தப் பூச்சில் கீறிய பெயராம். அவர் ஒன்பது வயதில் அம்மை கண்டு இறந்தவர். அந்தக் கையெழுத்து வேறெங்கும் இல்லை.

நாங்கள் மூவரும் தலைகுனிந்து நின்றோம். மறுபடி எழுதித் தருகிறோம் என்று ஃபிட்டர் வாய் தவறிச் சொன்னார். "நீங்கள் எழுதினால் அது உங்கள் எழுத்து, அப்பா" என்றார் அம்மையார். கோபமாகச் சொல்லவில்லை; அதுதான் தாங்கவில்லை. பிறகு அவரே சாவியை முறுக்கி, திண்ணையில் வைத்து விட்டார். எஞ்சின் டெண்டரை இழுத்துக்கொண்டு தூண் வரை ஓடி, முட்டி நின்றது. இன்னொரு முறை விடச் சொன்னார், விட்டோம். அன்று மாலை வரை விட்டுக்கொண்டே இருந்தோம்.

கூரையின் உட்புறத்துக்கு மட்டும் நாங்கள் வண்ணம் பூசவில்லை, வெறுந்தகரமாகவே விட்டிருக்கிறோம். துருப்பிடிக்காமல் மாதம் ஒருமுறை எண்ணெய் தடவ ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அம்மையாரின் அனுமதியோடு இன்று அதைக் கொணர்ந்திருக்கிறோம். உரை முடிந்ததும் குழந்தைகள் வரிசையாக வந்து பார்க்கலாம், ஓட்டியும் பார்க்கலாம். சாவியை ஆறு சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டாம்; அந்தச் சுருள் பழையது.