காய்ச்சலும் பாய்ச்சலும்
(பூதலூரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிந்து வரும் வழியின் தலைமாட்டில் வாழ்பவர்கள் நீங்கள். தலைமாட்டில் இருப்பவர்களுக்கு நீரின் அருமை தெரியாது என்று கடைமடையார் சொல்வதுண்டு. அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்க நான் வரவில்லை. ஒரு வாய்க்காலில் பாசனம் பெறுவோர் அனைவரும் சேர்ந்து கற்றாலன்றிப் பயன் தராத சில செய்திகளைப் பற்றியே பேச வந்தேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். இளமையில் வேளாண் ஊழியனாக ஒரு கிராமத்தில் இருந்தபோது, பூச்சி இருக்கிறதோ இல்லையோ, இன்ன நாளில் மருந்து அடியுங்கள் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். மூன்று முறை அடித்தார்கள். அதன் பிறகுதான் வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் கருகிற்று. புகையான் தூரின் அடியில், நீர்மட்டத்தை ஒட்டி அமர்ந்து சாற்றை உறிஞ்சுவது. மேலே தெளித்த மருந்து அதனைச் சரிவர எட்டவில்லை. அதனைத் தின்னும் சிலந்திகளையோ அடியோடு அழித்துவிட்டது.

இந்தோனேசியாவில் ஒரு நாடே இதே பாடத்தைக் கற்றது. அங்கே புகையான் பெருகியதால், 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை அரசு தடை செய்தது. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கிற்று. நம் நாட்டிலும் பின்னர் அம்முறை வந்தது. இப்பள்ளிக்குக் கட்டடம் இல்லை. பருவம் முழுவதும் வாரம் ஒரு நாள் உழவர்கள் வரப்பில் கூடுவார்கள். சில குத்துகளைப் பிரித்துப் பார்த்து, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று எண்ணி, ஒரு தாளில் படமாக வரைந்து, மருந்து வேண்டுமா என்று தாங்களே முடிவு செய்வார்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இக்கணக்கை எழுத்தறியாத பாட்டியும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்.

வரப்பில் அமர்ந்து கற்பிப்பது இப்பகுதிக்குப் புதிதன்று. திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே இளங்காட்டில் 1938இல் பிறந்த கோ. நம்மாழ்வார், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டு வெளியேறி, 2013இல் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். அவருடைய கருத்துகள் அனைத்தும் எனக்கு உடன்பாடு அல்ல. அவர் கற்பித்த முறைக்குத் தலைவணங்குகிறேன்.

இனி நீருக்கு வருவோம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது நம் முன்னோர் அறிந்ததே. இப்போது அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஓர் அடி நீளமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அப்பாதியை மண்ணில் புதைத்துவிட வேண்டும். குழாயினுள் நீர் மண்மட்டத்திற்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பின் மறுபடியும் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் குறையலாகாது. சம்பாவில் ஐப்பசி மழை நம் சொற்படி கேட்காது. ஆகவே இது பெரிதும் குறுவைக்கு உரிய முறை. வயல் காய்ந்தால் தூரடியில் ஈரம் தேடும் புகையானுக்கும் இடம் குறையும்.

இதில் சுகாதாரம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். 1955இல் வேலூரில் நம் நாட்டில் முதன்முதலாக அறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல், குழந்தைகளைக் கொல்வது. அதைப் பரப்பும் கொசு நெல்வயலின் தேங்கிய நீரில் வளர்வது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதற்குள் வயல் நன்றாகக் காய்ந்தால் புழு மடியும். வயலில் காய்ச்சல் போட்டால் வீட்டில் காய்ச்சல் குறையும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் ஒருவர் வயல் மட்டும் காய்ந்து, அண்டை வயலில் நீர் நின்றால், கொசு வரப்பைத் தாண்ட எவ்வளவு நேரம்? சிலந்தியின் கதையும் அதுவே. அண்டை வயலின் மருந்துச் சாரல் என் வயல் சிலந்தியையும் கொல்லும். ஆகவேதான் மேல்மடையாரும் கீழ்மடையாரும் ஒரே வரப்பில் கூட வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் மனம் நொந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்து அடித்த வயலில் இறங்கிக் களை பறிப்பவர்கள் பெண்கள். பயிற்சிக்கு அழைக்கப்படுபவர்களோ பெரும்பாலும் ஆண்கள். கூட்டம் நடப்பதும் பெண்கள் வேலையில் இருக்கும் நேரத்தில். மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியாமலே அவர்கள் சேற்றில் இறங்குகிறார்கள். தெளிப்பானைக் கழுவுவது வாய்க்காலில். அதே வாய்க்காலில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். காலி டப்பாக்கள் வீட்டுக்கு வந்து எண்ணெய் ஊற்றிவைக்கப் பயன்படுவதையும் பார்த்திருக்கிறேன். மருந்து அடித்த வயலில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுவதற்கு எந்தத் திட்டமும் நிதியும் வேண்டாம்; அதன் பொருளை ஊரார் அனைவரும் அறிந்திருந்தால் போதும். இதைக் கிராம சபையில் பேசித் தீர்மானிக்கலாம்.

நான் கொண்டுவந்த குழாயை இம்மேசைமேல் வைத்துவிட்டுச் செல்கிறேன். துளையின் அளவையும் இடைவெளியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் குறுவையில் ஒரே வாய்க்காலின் மேல்மடையில் ஒரு வயல், நடுவில் ஒன்று, கடைமடையில் ஒன்று என மூன்று வயல்களைத் தருவோர், கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் பெயர் கொடுக்கலாம். களை பறிக்கும் தாய்மார்கள் எந்த நேரத்தில் வர இயலுமோ, அந்த நேரத்தையே பள்ளியின் நேரமாக வைத்துக்கொள்வோம்.