மஞ்சள் காகிதம்: திருந்தியவனை விடாத மூவர்



அயோத்திதாசப் பண்டிதர் நினைவாக ஓர் உரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, பண்டிதரைப் பற்றிப் பேசுவதைவிட அவர் கற்றுத்தந்த வேலை ஒன்றைச் செய்து பார்க்கிறேன் என்றேன். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியது முதல் 1914இல் மறையும்வரை, ஊர் நம்பிய கதைகளைத் திருப்பிப் படித்துக்கொண்டே இருந்தவர் அவர். ஒருவனைக் கெட்டவன் என்று கதை சொன்னால், அப்படிச் சொன்னவன் யார், அதில் அவனுக்கு என்ன லாபம் என்று கேட்டவர். இன்று அதே கேள்வியோடு, நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையைத் திறக்கலாம் என்று நினைக்கிறேன்.

தமிழ்த் திரையில் ஒரு நடிகர், தான் ஏற்ற பாத்திரத்தின் பெயரைச் சாகும்வரை தன் பெயருக்கு முன்னால் சுமந்தார். ‘ஜாவர்’ சீதாராமன். ‘உடல் பொருள் ஆனந்தி’ எழுதியவர், ‘அந்த நாள்’ படத்துக்கு வசனம் எழுதி நடித்தவர் என்று பலருக்குத் தெரியும். அந்த ‘ஜாவர்’ எங்கிருந்து வந்தது? 1950இல் கே. ராம்நாத் இயக்கி, நாகையா நடித்து வெளிவந்த ‘ஏழை படும் பாடு’ படத்தில் அவர் ஏற்ற இன்ஸ்பெக்டர் வேடத்திலிருந்து வந்தது. அந்தப் படத்துக்கு மூலம் சுத்தானந்த பாரதியின் தமிழாக்கம். இதே புதுச்சேரியில் ஆசிரமத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் அவர். அதற்கும் மூலம் 1862இல் விக்டர் ஹ்யூகோ எழுதிய ‘லே மிசெராப்ல்’. பிரெஞ்சு படித்த நம்மூர்ப் பெரியவர்கள் விக்தொர் உய்கோ என்பார்கள்.

கதை தெரியும். பசிக்கு ரொட்டி திருடிய ழான் வல்ழான், தப்பிக்க முயன்றதற்கும் சேர்த்துப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையில் கிடக்கிறான். வெளியே வரும்போது கையில் ஒரு மஞ்சள் காகிதம் கொடுக்கிறார்கள். போகிற ஊரிலெல்லாம் அதைக் காட்ட வேண்டும். காட்டினால் சத்திரத்தில் இடமில்லை, சோறில்லை. ஓர் ஆயர் அவனைச் சேர்த்துக்கொள்கிறார். அவர் வீட்டிலேயே வெள்ளித் தட்டுகளைத் திருடுகிறான். பிடித்து வந்த போலீசிடம், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லி, மெழுகுவர்த்தித் தண்டுகளையும் கொடுத்து அனுப்புகிறார் ஆயர். அங்கே அவன் மாறுகிறான். வேறு பெயரில், வேறு ஊரில் தொழில் நடத்தி, ஊருக்கே மேயராகிறான். பின்னாலேயே வருகிறான் ஜாவர்.

இந்தக் கதைக்கு நம் ஊர் அழுதது. ஆனால் அழுத நாட்களில் நம் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள்.

1871இல் வெள்ளையர்கள் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. வல்ழானாவது ஒரு ரொட்டியைத் திருடினான். இங்கே அதுகூடத் தேவைப்படவில்லை, பிறந்தால் போதும். பெயர் பதிவு, கைரேகை, காவல் நிலையத்தில் ஆஜர். வெளியூர் போகக் கையில் ராதாரிச் சீட்டு. பிறமலைக் கள்ளர்கள் எதிர்த்து நின்று 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அது பலருக்குத் தெரியும். புதுச்சேரியைச் சுற்றிக் கிடந்த தென்னார்க்காட்டிலேயே வேப்பூர்ப் பறையர்களை அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள், அசீஸ் நகர் என்று ஒரு குடியேற்றம் வைத்து அதற்குள் அடைத்தார்கள் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

அது பிரிட்டிஷ் சட்டம். பிரெஞ்சுப் புதுச்சேரியில் அது செல்லாது. அதற்காக இந்தப் பக்கம் விடுதலை என்று நினைத்துவிட வேண்டாம். 1819 ஜனவரி 6 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டம் இங்கே வந்தபோதே, இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படி நடத்துவோம் என்றும் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தது. அந்தப் பக்கம் காகிதத்தில் இருந்தது, இந்தப் பக்கம் வழக்கத்தில் இருந்தது.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீங்கியது. நாடு முழுவதும் 1952இல் நீங்கியது. இடையில் 1948இலேயே, வழக்கமாகக் குற்றம் செய்வோரைக் கட்டுப்படுத்த என்று சென்னையில் இன்னொரு சட்டம் வந்தது. இந்தக் காலத்துக்கு நடுவில்தான், 1950இல், ‘ஏழை படும் பாடு’ ஓடியது. ஒரு பிரெஞ்சுக்காரனின் மஞ்சள் காகிதத்துக்காகக் கொட்டகையில் அழுதவர்கள், வெளியே வந்து அடுத்த தெருக்காரனின் சீட்டைப் பற்றி யோசித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது அந்த வில்லன்களைப் பார்க்கலாம். வல்ழானைத் திருந்த விடாதவர்கள் மூன்று பேர்.

முதல் ஆள் ஜாவர். அவன் லஞ்சம் வாங்குவதில்லை. பொய் சொல்வதில்லை. தன் மேலேயே தவறு இருப்பதாக நினைத்தபோது, என்னை வேலையிலிருந்து நீக்குங்கள் என்று வந்து நிற்கிறான். இத்தனை நேர்மையான ஆள் ஏன் ஒரு திருந்திய மனிதனை ஏற்க மறுக்கிறான்? ஹ்யூகோ அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார். ஜாவர் சிறையில் பிறந்தவன். அப்பன் கைதி. அம்மா சீட்டுப் பார்த்துக் குறி சொல்கிறவள். குறி சொல்பவளின் மகன்! நம் ஊரில் பிறந்திருந்தால் ஜாவரின் பெயரே குற்றப் பரம்பரைப் பதிவேட்டில் இருந்திருக்கும். சமூகத்துக்கு வெளியே நிற்பவர்கள் இரண்டே வகை, அதைத் தாக்குகிறவர்கள், அதைக் காவல் காக்கிறவர்கள் என்று கண்டுகொண்டு, காவலைத் தேர்ந்தெடுத்தான். தன் பிறப்பின் மீதுள்ள வெறுப்பைக் காக்கியாகப் போட்டுக்கொண்டான். பாபாசாகேப் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னாரே, அதற்கு இதைவிட நல்ல கதைப் பாத்திரம் எனக்குத் தெரியவில்லை. கீழே ஒருவன் இருந்தால்தான் என் படி எனக்குப் படி. அவன் ஏறிவிட்டால் நான் எங்கே நிற்பது?

இரண்டாவது ஆள் தெனார்தியே. சத்திரக்காரன். இவனுக்குச் சட்டமும் இல்லை, தர்மமும் இல்லை. வல்ழானின் பழைய கதை இவனுக்கு ஒரு சரக்கு. கையில் வைத்திருந்து, வேண்டும்போது விலை பேசுவான். உன் பூர்வீகம் எனக்குத் தெரியும் என்று சொல்லியே பிழைக்கிறவர்களை நம் அலுவலகங்களில், கட்சிகளில் பார்த்திருக்கிறோம். நாவலின் கடைசியில் இவன் அமெரிக்கா போய் அடிமை வியாபாரி ஆகிறான் என்று ஹ்யூகோ எழுதுகிறார். பொருத்தமான வேலைதான்.

மூன்றாவது ஆளை யாரும் வில்லன் என்று சொல்வதில்லை. அவன் மரியுஸ். இளைஞன், புரட்சிக்காரன், மக்கள் பக்கம் தடுப்பரணில் நின்றவன். வல்ழான் வளர்த்த பெண் கோசெத்தை மணக்கிறவன். திருமணத்துக்கு மறுநாள் வல்ழானே அவனிடம் போய், நான் பழைய கைதி என்று சொல்லிவிடுகிறான். மரியுஸ் கத்தவில்லை, விரட்டவில்லை. மாலையில் வந்து கோசெத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறான். கீழ்த்தளத்தில் ஈரம் படிந்த ஓர் அறை. முதலில் அங்கே கணப்பில் நெருப்பு இருந்தது. ஒரு நாள் நெருப்பு இல்லை. பிறகு நாற்காலிகள் வாசல் பக்கம் நகர்ந்தன. பிறகு நாற்காலியே இல்லை. கிழவன் புரிந்துகொண்டு வருவதை நிறுத்தினான். நிறுத்திப் படுத்தான், செத்தான்.

அந்தப் பக்கங்களை நான் இளம் வயதில் படித்தபோது கடந்து போய்விட்டேன். பிறகு ஒரு வீட்டில் எனக்கு நடந்தது. உடன் வேலை பார்த்த நண்பர், முற்போக்கானவர், புத்தகங்கள் பரிமாறிக்கொள்வோம். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒரு நாள் அவர் அம்மா, தம்பிக்கு எந்த ஊர் என்றார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னேன். அடுத்த முறை திண்ணையில் பேசினோம். அதற்கடுத்த முறை கேட்டுக்கு வெளியே, வண்டியில் சாய்ந்தபடி. நண்பர் கடைசிவரை என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து அந்த நாவலை மறுபடி எடுத்தேன். அந்த நாற்காலிகளை அன்றுதான் பார்த்தேன்.

கவனியுங்கள், தோழர்களே. ஜாவர் வல்ழானை விட்டுவிட்டான். தன்னைக் கொல்ல வாய்ப்பிருந்தும் உயிரோடு அனுப்பியவனைக் கைது செய்ய முடியாமல், சிறைகளில் கைதிகளை நடத்தும் விதம் பற்றிச் சில குறைகளை எழுதி வைத்துவிட்டு, ஆற்றில் குதித்தான். உடைந்தான், ஆனால் விட்டான். மரியுஸ்தான் விடவில்லை. சாக்கடை வழியாகத் தன்னைத் தோளில் சுமந்து காப்பாற்றியவன் இந்தக் கிழவன் என்று தெரிந்த பிறகுதான் ஓடி வருகிறான். அப்போது நேரம் கடந்துவிட்டது. காப்பாற்றியிருக்காவிட்டால்? வெறும் நல்லவனாக மட்டும் இருந்திருந்தால் நாற்காலி கிடையாதா? நம் பிள்ளைகளிடம் இந்தச் சமூகம் கேட்பது இதைத்தான். சாதித்துக் காட்டு, பிறகு உட்காரலாம்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. நம் சினிமாவில் எத்தனை பண்ணையார்கள் கடைசிக் காட்சியில் திருந்தியிருக்கிறார்கள்! அடித்தவர், எரித்தவர், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் முடிந்தது. ஊர் கும்பிடுகிறது. அவர் பின்னால் எந்த ஜாவரும் வருவதில்லை. மஞ்சள் காகிதம் எதுவும் அவர் கையில் இல்லை. ஆக, திருந்தும் உரிமையும் சாதிப்படிதான் பங்கிடப்பட்டிருக்கிறது. ஒருவன் குற்றம் செய்தாலும் திருந்தியவன். இன்னொருவன் குற்றமே செய்யாவிட்டாலும் சந்தேகத்துக்குரியவன். 1993இல் முதனை கிராமத்து ராஜாகண்ணுவுக்கு நடந்தது அதுதான். ‘ஜெய்பீம்’ படமாக உலகம் பார்த்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதிப்படி வேலை பிரிக்கும் விதிகளை ரத்து செய்து, கைதிகளின் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கி எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. இந்த நாவலில் வல்ழானின் பெரிய நாள், ஆயர் தண்டுகளைக் கொடுத்த நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது அராஸ் நீதிமன்றத்தில் நடந்த நாள். தன்னைப் போல இருந்த வேறொரு அப்பாவியை வல்ழான் என்று சொல்லித் தண்டிக்கப் போகிறார்கள். பேசாமல் இருந்தால் இவன் மேயராகவே இருக்கலாம். எழுந்து நின்று, அவன் இல்லை, நான்தான் வல்ழான் என்கிறான்.

எனக்கும் ஓர் அராஸ் வந்தது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கணக்கில் பணம் குறைந்தது. துப்புரவு வேலை செய்த பெரியவர் மேல் சந்தேகம். அந்த ஆளுங்களே அப்படித்தான் என்றார் ஒருவர், என்னைப் பார்த்து, நான் யார் என்று தெரியாமல். நான் ஃபைலைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். மூன்று நாளில் பணம் கணக்குப் பிழை என்று தெரிந்தது. பெரியவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் அவரைத் தவறவிட்டவர்களில் நானும் ஒரு மரியுஸ்.

நம் எழுத்தாளர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். ஜாவர்களை நாம் நிறைய எழுதிவிட்டோம், மீசையோடும் அரிவாளோடும். நாற்காலியை நகர்த்துகிறவனை எழுதுங்கள். அவனை வெறும் கெட்டவனாக எழுதாமல், அவன் புத்தகங்களோடு, நல்ல பேச்சோடு எழுதுங்கள். குனிந்துகொண்ட நம்மையும் எழுதுங்கள். நம் தரப்பில் ஒருவன் தவறு செய்து திருந்தி வந்தால், அவனிடம் நாமே மஞ்சள் காகிதம் கேட்காதிருப்போம். பண்டிதர் கதைகளைத் திருப்பிப் படித்தது பிறரைப் பழிப்பதற்கு மட்டுமா? நம் முகத்தை நாமே பார்க்கவும்தான்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருக்கு நான் தர வேண்டிய நாற்காலியை இந்த மேடையில் போட்டுவிட்டு இறங்குகிறேன்.