எம்.பி.ஏ. படிப்பும் நம் வீட்டுக் கணக்கும்

(தொழிற்சங்க வாசகசாலையில் நிகழ்த்திய பேச்சு)



பிள்ளை பி.காம். முடித்துவிட்டான், மேலே எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்கிறான். காலேஜில் வருஷத்துக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள். கடன் வாங்கலாமா, கூடாதா? இந்தக் கேள்வியோடு சங்க ஆபீசுக்கு மில்லிலிருந்தும் வருகிறார்கள், வயற்காட்டிலிருந்தும் வருகிறார்கள். ஆகவே இதைப் பற்றியே இன்று பேசுவோம்.

"கூலிக்காரன் மகனுக்கு மானேஜர் படிப்பு எதற்கு?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. 1908ல் அமெரிக்காவில், ஹார்வர்டில் தொடங்கிய பட்டம் இது. 1961ல் நமது சர்க்கார் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இதற்கென்று நிலையங்கள் வைத்தது. 2011ல் திருச்சிக்கும் ஒன்று வந்தது. மக்கள் பணத்தில் எழுந்த நிலையங்களில் நம் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. எங்கே படிப்பது, என்ன விலைக்குப் படிப்பது என்பதுதான் விஷயம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வருஷத்துக்குக் கட்டணம் 6 லட்சம், பாங்கு வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் வேண்டாம், வட்டி தூங்குவதில்லை. முதல் வருஷம் வாங்கிய மூன்று லட்சத்துக்கு மூன்று வருஷ வட்டி 90,000. இரண்டாம் வருஷத்து மூன்று லட்சத்துக்கு இரண்டு வருஷ வட்டி 60,000. கட்டத் தொடங்கும் நாளில் கடன் 7.5 லட்சமாக நிற்கும். அதை ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 12,450 ரூபாய் வேண்டும். முடியும்போது பத்தேகால் லட்சத்துக்கும் மேல் கட்டியிருப்போம்.

இன்னொரு செலவு நோட்டீசில் இராது. பையன் இன்று 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்தால், வேலையை விட்டுப் படிக்கும் இரண்டு வருஷத்தில் 4,32,000 ரூபாய் வீட்டுக்கு வராது. படித்து முடித்து 25,000 ரூபாய் வேலை கிடைக்கிறது என்போம். ஊரெல்லாம் மெச்சும். தவணை போக மிஞ்சுவது 12,550! முன்பு வாங்கியதற்கும் குறைவு. பழைய நிலைக்கு வந்து சேரவே 30,450 வேண்டும். வேலையிலேயே இருந்திருந்தால் அந்தப் பழைய சம்பளமும் கொஞ்சம் ஏறியிருக்கும் அல்லவா?

"எங்கள் மாணவர்களின் சராசரிச் சம்பளம் முப்பதாயிரம்" என்று காலேஜ்காரர்கள் சொல்வார்கள். சராசரி என்பது என்ன? பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 20,000. ஒருவனுக்கு மட்டும் 1,20,000. கூட்டிப் பத்தால் வகுத்தால் 30,000. பொய் இல்லை, ஆனால் முப்பதாயிரம் வாங்கியவன் அந்தப் பத்துப் பேரில் ஒருவன்கூட இல்லை! மானேஜர் சம்பளத்தையும் நம் சம்பளத்தையும் சேர்த்து வகுத்து, தொழிலாளி செழிப்பாக இருக்கிறான் என்று காட்டுகிற அதே வித்தைதான் இது. ஆகவே சம்பளத்தை வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பவனுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். சேர்ந்தவர் எத்தனை பேர், வேலை கிடைத்தவர் எத்தனை பேர், என்ன வேலை என்றும் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் பிடிக்கவும் கடன் வசூலிக்கவும் வீடு வீடாக அலையும் வேலைக்கு பி.காம். போதும். போன வருஷம் படித்து வெளியேறியவர்களை, காலேஜ் காட்டும் ஆட்களை அல்ல, நாமே தேடிப் பிடித்து விசாரிக்க வேண்டும்.

கடன் பற்றிச் சில விஷயங்கள். 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கின் உத்தரவு. 7.5 லட்சம் வரை ஈடில்லாமல் கொடுப்பதற்கு 2015 முதல் சர்க்காரின் உத்தரவாத நிதி இருக்கிறது. அதற்குள் வீட்டுப் பத்திரம் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு, அங்கீகாரத் தரச்சான்று பெற்ற நிலையங்களில், தவணை தொடங்கும் வரை வட்டியை மத்திய சர்க்கார் ஏற்கும் திட்டமும் உண்டு. அது பட்டப் படிப்புக்கோ மேற்படிப்புக்கோ ஒரு தடவைதான். ஆதிதிராவிட மாணவர்கள், குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட வேண்டும். கடன் பத்திரத்தில் தகப்பனாரும் கையெழுத்துப் போடுகிறார். பிள்ளை கட்டாவிட்டால் பாங்கு அவரைத்தான் தேடி வரும். கந்துவட்டிக்கு வாங்கி இந்தப் படிப்புக்குப் போவது கூடவே கூடாது.

எங்கள் அபிப்பிராயம் இது. டான்செட் பரீட்சை எழுதி, கவுன்சலிங்கில் சர்க்கார் காலேஜிலோ பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். ஐ.ஐ.எம். இடம் கிடைத்தால் கட்டணம் பெரிதாகத் தெரியும். ஆயினும் அங்கே கடன் பெரும்பாலும் அடைந்துவிடும். வேலைக் கணக்கைக் காட்ட மறுக்கும் தனியார் காலேஜுக்கு ஆறு லட்சம் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை இரண்டு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சையை மறுபடி எழுதட்டும். வேலையை விட முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழி எம்.பி.ஏ. இருக்கிறது, உள்ள வேலையில் பிரமோஷனுக்கு உதவலாம், புது வேலை வாங்கித் தரும் என்று நம்பிவிட வேண்டாம்.

பெண் பிள்ளை கேட்டாலும் இதே கணக்குத்தான். கல்யாணத்துக்கென்று கடன் வாங்கி நகை செய்கிறவர்கள், அவள் படிப்புக்கு மட்டும் பென்சிலைத் தீட்டுவது நியாயமல்ல.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு பாங்கு ஊழியர் தோழர் ஒருவர் சங்க ஆபீசில் இருப்பார். அட்மிஷன் கடிதம், கட்டண விவரம், பாங்கு கொடுத்த தாள் மூன்றையும் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கணக்கை அவர்களே போடட்டும்.