அப்பாவின் கையும் ஆறு மதிப்பெண்ணும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்ல, உங்களைப் போல ஒரு இன்ஜினியர். கோலியனூரில் எங்கள் அப்பா மல்லாட்டையும் கரும்பும் பயிரிட்டவர். ஒருநாள் ராத்திரி அவருக்கு வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. "வாய்வா இருக்கும், காலையில பாத்துக்கலாம்" என்று படுக்க வைத்துவிட்டோம். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி எங்கள் ஊரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம்தான். ஆனால் நாங்கள் போனது விடிந்த பிறகு. இன்று வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108.

உயிர் பிழைத்தார். கால் ஓரளவு வந்தது, கை வரவில்லை. மூளையில் செத்த பகுதி திரும்பாது, ஆனால் பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். அதற்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 2009-ல் வட அமெரிக்க மருத்துவமனைகளில் எண்ணிப் பார்த்தபோது, ஒரு பயிற்சி வேளையில் நோயாளிகள் கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 தான். விலங்குச் சோதனைகளில் மூளை மாறியதோ நாளுக்குச் சில நூறு தடவை செய்தபோது. இந்த இடைவெளியை யார் நிரப்புவது?

இங்கேதான் ஆக்மென்டட் ரியாலிட்டி வருகிறது. கண்ணெதிரே உள்ள நிஜத்தின் மேல், இல்லாத ஒன்றைச் சேர்த்துக் காட்டுவது. இதற்கு ஒரு பாட்டன் உண்டு, அது வெறும் கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்ம ஊர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார். நல்ல கையின் பிம்பம், இல்லாத கை அசைவது போலத் தெரியும். 1999-ல் அவரும் சகாக்களும் பக்கவாத நோயாளிகள் 9 பேரிடம் கண்ணாடியைப் பயன்படுத்திப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார்கள். கம்ப்யூட்டரே இல்லாத வித்தை அது!

நான் செய்தது எளிய ஏற்பாடு. மேஜை மேல் ஸ்டாண்டில் போன். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்று, கையில் 21 புள்ளிகளைக் கேமராவிலேயே கண்டுபிடிக்கிறது. டி.வி.யில் தெரிவது எங்கள் வீட்டு மேஜை, அப்பாவின் கை, எவர்சில்வர் டம்ளர். அதில் இல்லாத மல்லாட்டை மட்டும் கூடுதல். முதலில் பட்டாம்பூச்சி வைத்தேன், "இன்னாடா இது, சின்னப் புள்ளைங்க ஆட்டம்" என்றார். மல்லாட்டை வந்ததும் விடாமல் எடுத்துப் போட்டார். ஒரே வாரத்தில் நாற்பது! வீடே கொண்டாடியது.

அப்போதுதான் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் தங்கை ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். "அண்ணா, அப்பா கையை நீட்டலையே, உடம்பையில்ல சாய்க்கிறாரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் கை போய்ச் சேர்ந்த இடத்தை எண்ணினேனே தவிர, எப்படிப் போனது என்று பார்க்கவில்லை. தப்பான பழக்கத்துக்கு ஒரு வாரமாக மார்க் போட்டிருக்கிறேன்.

தோள் புள்ளிகளையும் கவனிக்கும்படி மாற்றினேன். தோள் முன்னே வந்தால் மார்க் கிடையாது. நாற்பது, ஆறு ஆனது. "நேத்து நாப்பது, இன்னிக்கு ஆறா? உன் மெஷினு பொய் சொல்லுதுடா" என்று கோபித்து, நான்கு நாள் தொடவில்லை. பொய் சொன்னது நேற்றைய மெஷின் என்று அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கும் நான்கு நாள் ஆனது. சொன்ன பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

நம் நாட்டிலேயே பெரிய வேலை நடக்கிறது. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கைப்பயிற்சி ரோபோவை உருவாக்கியுள்ளன. ஒரே மோட்டாரில் வெவ்வேறு பிடிகளை மாட்டி, மணிக்கட்டு, முன்கை, விரல்கள் என்று தனித்தனியே விளையாட்டு மூலம் பயிற்சி தரலாம். அதன் வடிவமைப்பு பற்றிய கட்டுரை 2021-ல் வெளியானது. ஆனால் மிகையாகவும் நம்பக்கூடாது. 2017-ல் காக்ரேன் அமைப்பு 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுப் பயிற்சி வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக வந்தால் கைக்குக் கூடுதல் பலன் இல்லை, அதோடு சேர்ந்து வந்தால் பலன் உண்டு என்பதே முடிவு. அந்தத் தங்கை இல்லாமல் என் போன் வெறும் பொம்மைதான்.

அப்பா இன்று நல்ல கையின் துணையோடு டம்ளரைத் தூக்கி டீ குடிக்கிறார். சட்டைப் பொத்தான் இன்னும் அம்மாதான் போடுகிறார். அவ்வளவுதான், அதுவே எங்களுக்குப் பெரிது.

மாணவச் செல்வங்களே, உங்கள் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டை லேப் சுவருக்குள் முடிக்காதீர்கள். ஒரு நோயாளி வீட்டுத் திண்ணையில் வைத்துப் பாருங்கள். கூடவே ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்துப் போங்கள். ஆறு மார்க் வந்தாலும் அது உண்மையான ஆறாக இருக்கட்டும்.