வெண்ணெய்ப் பழத்தில் வடுவும் துளையும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கீழ்ப் பழனி மலையில் காப்பித் தோட்டங்களின் ஊடே வெண்ணெய்ப் பழ மரங்களை வளர்த்துவரும் உங்களுக்குப் பயிர்ச் செய்கையைக் கற்பிக்க நான் வரவில்லை. பழக் கூடையைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்க்கச் சென்றிருந்தேன். வாசலில் நின்ற வியாபாரி, கூடையின் மேலிருந்த பழத்தை எடுத்துப் புரட்டினார். தோலிலே முதலைத் தோல் போன்ற பழுப்புச் சொறி காணப்பட்டது. "பூச்சி அடித்தது" என்று கூறிப் பாதி விலை பேசினார். அங்கத்தினர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பழத்தை அறுக்கச் செய்தேன். சதையில் ஒரு கறையும் இல்லை. எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் அவர் கூடையின் அடியிலே கைவிட்டு, புழு துளைத்த இரண்டு பழங்களை எடுத்து என் முன் வைத்தார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வடு வேறு, துளை வேறு. பிஞ்சு சுண்டைக்காய் அளவாயிருக்கும்போது இலைப்பேன் அதன் தோலைச் சுரண்டுகிறது. பழம் பருக்கப் பருக்க அவ்வடுவும் அகன்று தடிக்கிறது. காற்றில் கிளையோடு உராய்வதாலும் இத்தகைய வடு உண்டாகும். பழம் பெருத்த பின்னர் மருந்து தெளிப்பது வீண் செலவே. கலிபோர்னியாவில் 1996-ஆம் வருஷம் இவ்வினத்து இலைப்பேன் ஒன்று காணப்பட்டது. அதனால் தோட்டக்காரருக்கு விலை நஷ்டம் ஏற்பட்டதேயன்றிச் சதை கெடவில்லை.

துளையோ அப்படிப்பட்டதன்று. கொட்டையைத் துளைக்கும் வண்டுக்கு அஞ்சி, அமெரிக்க அரசாங்கத்தார் மெக்சிகோ தேசத்துப் பழத்தை 1914-இல் தடுத்தனர். 1997-இல்தான், அதுவும் சில மாகாணங்களுக்கு மட்டும், வழி திறந்தது. ஒரு வண்டினால் 83 வருஷம் சந்தை மூடிக் கிடந்தது!

ஆகையால் சங்கத்திலேயே பழத்தைப் பிரியுங்கள். வடுப் பழத்தைத் தனிக் கூடையிலிட்டு, ஒன்றை அறுத்துக் காட்டி விலை பேசுங்கள். காம்பைப் பிய்க்காமல் சிறிது விட்டு வெட்டுங்கள். பிய்த்த இடத்தில் அழுகல் புகும். சாக்கில் கொட்டி மிதிபட விடுவதும் கூடாது. இது மரத்திலே கனியாத பழம். இன்று பட்ட அடி, வாங்கினவர் வீட்டில் கனியும்போதுதான் கறுப்பாய்த் தெரியும். அந்தப் பழியைப் பூச்சியின்மேல் போடுவது நியாயமன்று.

துளைப் பழம் எந்தக் கூடைக்கும் ஆகாது. மரத்தடியிலும் கிடக்க விடாதீர்கள். உள்ளிருக்கும் புழு வெளிவந்து மீண்டும் பெருகும். அன்றன்றே பொறுக்கி, ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.