பட்டிப்பூவும் பிள்ளையின் மூளைப் படமும்

பாண்டிருப்புக் கடற்கரை மணலில்கூட, யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கக்கூடிய செடி பட்டிப்பூ. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி. அதன் இலையிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் மருந்தை 1963இல் அமெரிக்கா அங்கீகரித்தது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதுதான் கைகொடுக்கிறது. (அதற்காக யாரும் இலையை அவித்துக் குடித்துவிட வேண்டாம், நஞ்சு!)

அந்த மருந்து நரம்பையும் சீண்டும். விரல் விறைக்கும், மலம் கட்டும். சில பிள்ளைகள் பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பார்கள்.

அதே நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெதோட்ரெக்சேட்டின் கதை வேறு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் நடத்திய ஃபோலிக் அமில ஆராய்ச்சியின் வழியில் வந்தது அது. மூளையில் நோய் ஒளிந்துகொள்ளாதிருக்க, முள்ளந்தண்டு நீருக்குள்ளேயே அதை ஊசியாக ஏற்றுவார்கள். அபூர்வமாக, இரண்டு நாள் முதல் இரண்டு கிழமைக்குள் ஒரு பக்கக் கை, கால் சோரும், பேச்சுக் குழறும். பார்த்தால் அசல் பாரிசவாதம். சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நீர் மூலக்கூறுகளின் அசைவைப் படமாக்கும் எம்.ஆர்.ஐ. முறையிலோ மூளையின் வெண்பகுதி பளிச்சென்று மின்னும். இரத்தக்குழாய் அடைப்பென்றால் அந்தக் குழாய் ஊட்டும் எல்லைக்குள் மின்னல் அடங்கும், இங்கே அடங்காது.

பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களில் தேறிவிடுகிறார்கள். பலருக்கு அதே மருந்தைத் தொடரவும் முடிகிறது. இப்படிப் பேச்சுக் குழறினால் அவசரப் பிரிவில் தாய் முதலில் சொல்ல வேண்டியது, கடைசி முதுகு ஊசி போட்ட திகதி.