கூரை ஒழுகினால் யாரிடம் கேட்பது?



ஃபேரர் பார்க் வீவக வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "குளியலறைக் கூரை சொட்டுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ?" இது வீண் பயம் அல்ல. "இந்தியர்களுக்கு இல்லை" என்று வாடகை விளம்பரத்தில் எழுதியதைப் பார்த்தவர்கள் நாம். அடுத்த வீடு கிடைக்குமா என்ற கவலையில் வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் குத்தகைக்காரர்தான். கழகம் அவருக்கு விற்றது 99 ஆண்டுக் குத்தகை. வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. மேல்வீட்டுத் தரை வழியே நீர் கசிந்தால் மேல்வீட்டு உரிமையாளரும் கீழ்வீட்டு உரிமையாளரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டும். கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மீதியில் ஆளுக்குக் கால்பங்கு. விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளர். "உங்கள் பங்கு கால்வாசிதான்" என்று சொல்லிப் பாருங்கள், குரல் மாறும்! தாழ்வார விளக்கு, மின்தூக்கி எல்லாம் நகர மன்றத்தின் வேலை, நீங்களே அழைக்கலாம்.

அடுத்து ஒப்பந்தம். பல ஒப்பந்தங்களில் சிறு பழுதுக்கு 150 அல்லது 200 வெள்ளி என்று வரம்பு இருக்கும். அதுவரை நீங்கள், மேலே போனால் அவர். குளிர்சாதன சர்வீஸ் நம் தலையில்தான். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பழுதை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். படம் எடுத்து, தேதியோடு வாட்ஸ்அப்பிலாவது எழுதுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள்; தவறு நம் பக்கம் வந்துவிடும்.

முத்திரைத் தீர்வையை மறப்பவர்கள் அதிகம். இங்கே கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்கு மேற்படாத வாடகைக்கு, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 2,500 வெள்ளி, இரண்டு ஆண்டு என்றால் 240 வெள்ளி. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

பேசித் தீராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளை, முன்பண வழக்கு உட்பட, அங்கே கொண்டுபோகலாம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம். இருதரப்பும் சம்மதித்தால் 30,000. பிரச்சினை நடந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, உங்கள் வீட்டுக்காரரும்தான்.

அறை மட்டும் எடுத்திருப்பவர்களே, உங்கள் பெயர் கழகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒப்பந்தம் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். உட்கார்ந்து தமிழில் வாசித்துச் சொல்கிறோம்.